பெட்ரோலா டீசலா? மிட்ராண்டில் தினசரி ஓட்டம், விடுமுறைக்கு டர்பன் பயணம்

புதுக்குடி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். கோயம்புத்தூர்ப் பக்கம். வேலைக்காகத் தென்னாப்பிரிக்கா வந்து, ஜோஹன்னஸ்பர்க் பக்கம் மிட்ராண்டில் குடியிருக்கிறோம். இதுவரை சின்ன காரை வைத்து ஓட்டிவிட்டேன். இப்போது அப்பா, அம்மா ஊரிலிருந்து வந்து சில மாதம் தங்கப்போகிறார்கள். பிள்ளைகளோடு சேர்த்து ஆறு பேர். அதனால் ஏழு சீட் வண்டி, பழையது, வாங்கலாம் என்று தேடுகிறேன்.

ஹூண்டாய் கிராண்ட் கிரெட்டா பார்த்துவைத்திருக்கிறேன். ஊரில் அல்கசார் என்று விற்கிறார்களே, அதேதான். இருங்காட்டுக்கோட்டையிலிருந்து கப்பலேறி வந்த வண்டி என்பதால் கொஞ்சம் பாசம். விளம்பரத்தில் இரண்டு கிடைத்தன. ஒன்று 2.0 பெட்ரோல், இன்னொன்று 1.5 டீசல். இரண்டும் ஆட்டோமேட்டிக், ஒரே வயது, ஓடிய தூரமும் கிட்டத்தட்ட சமம். டீசலுக்கு 40,000 ராண்ட் கூடுதலாகக் கேட்கிறார்கள்.

அலுவலகம் 7 கி.மீ. பள்ளிக்கூடம் போகிற வழியிலேயே இருக்கிறது. சனி, ஞாயிறு கடை, கோயில். ஈஸ்டருக்கும் டிசம்பருக்கும் டர்பன் போவோம், இடையில் ஒரு தடவை டிராக்கன்ஸ்பர்க் மலைப்பக்கம். மொத்தம் வருடத்துக்கு 12,000 கி.மீ. வரும்.

அப்பா ஊரில் டீசல் அம்பாசிடர் ஓட்டியவர். போனில் கேட்டால் “டீசலை எடு, யோசிக்காதே” என்கிறார். அலுவலகத்தில் கேட்டால் பாதிப் பேர் அதையே சொல்கிறார்கள், மீதிப் பேர் சிரிக்கிறார்கள். ஆறு பேரும் பெட்டிகளுமாக டர்பனிலிருந்து திரும்பும் வழியில் வான் ரீனன் கணவாய் ஏறும்போது பெட்ரோல் வண்டி திணறுமா? அதுதான் என் முக்கியமான பயம்.

சாட்ஸ்வர்த்காரன் எழுதியது:

வாங்க அண்ணா. டீசல்தான், அதில் பேச்சே இல்லை. நான் டீசல் பக்கி, அதாவது பிக்கப் வண்டி, வைத்திருக்கிறேன். வேலை விற்பனை. ஒரு நாள் ஸ்டாங்கர், மறுநாள் எம்பங்கேனி, அடுத்து போர்ட் ஷெப்ஸ்டோன் என்று என்2 முழுவதும் என் வீட்டு வாசல் மாதிரி. ஒரு தடவை டாங்க் நிரப்பினால் அடுத்த வாரம்தான் பங்க் பக்கம் போவேன். மேட்டில் கியர் குறைக்காமல் இழுத்துக்கொண்டு போகும். பெட்ரோல் வண்டிக்காரர்கள் இடது பக்கம் ஒதுங்குவார்கள், நான் பார்த்துக்கொண்டே போவேன்.

அப்பா சொன்னால் கேட்க வேண்டும் அண்ணா.

கணக்கப்பிள்ளை எழுதியது:

பக்கிக்காரர் சொல்வது பக்கிக்காரருக்குச் சரி. கேள்வி கேட்டவருக்குக் கணக்கு வேறு.

ஊருக்குள் ஓட்டும்போது அந்த 2.0 பெட்ரோல் 100 கி.மீ.க்கு ஒன்பதரை லிட்டர் குடிக்கும் என்று வைத்துக்கொள்வோம். டீசல் 7 லிட்டர். வருடம் 12,000 கி.மீ. என்றால் பெட்ரோல் 1,140 லிட்டர், டீசல் 840 லிட்டர். வித்தியாசம் 300 லிட்டர். விலை மாதாமாதம் மாறும் என்பதால் கைக்கு வசதியாக இரண்டுக்குமே லிட்டர் 20 ராண்ட் போடுகிறேன். மிச்சம் வருடத்துக்கு 6,000 ராண்ட். 40,000 கூடுதல் விலை திரும்பி வர ஆறரை வருடத்துக்கு மேல் ஆகும்.

அதுவும் ரொக்கமாக வாங்கினால்தான். வங்கிக் கடன் என்றால் அந்த 40,000-க்கு 11 சதவீதம் வைத்தாலும் முதல் வருட வட்டி மட்டும் ஏறக்குறைய 4,400 ராண்ட். மிச்சம் பிடித்த ஆறாயிரத்தில் பெரும்பகுதி அதிலேயே போய்விடும். சர்வீஸ் செலவை இன்னும் நான் சேர்க்கவே இல்லை.

இதே கணக்கை வருடம் 30,000 கி.மீ. ஓடுகிறவருக்குப் போட்டால் மிச்சம் 15,000 ராண்ட். மூன்று வருடத்துக்குள் கூடுதல் விலை கைக்கு வந்துவிடும். சாட்ஸ்வர்த் தம்பிக்கு டீசல் லாபமாவதற்குக் காரணம் இதுதான்.

சாட்ஸ்வர்த்காரன் எழுதியது:

அண்ணே, நீங்கள் காகிதத்தில் ஓட்டுகிறீர்கள். விற்கும்போது டீசல் நல்ல விலை போகும், அதையும் எழுதுங்கள்.

கணக்கப்பிள்ளை எழுதியது:

பக்கிக்கும் பெரிய எஸ்யூவிக்கும் போகும். ஹைலக்ஸ், ஃபார்ச்சூனர், ரேஞ்சர் மாதிரி வண்டிகளை டீசலாகத்தான் ஆள் தேடுகிறார்கள். சின்ன டீசல் காரின் கதை வேறு. 2015-இல் ஃபோக்ஸ்வாகன் புகைச் சோதனையில் ஏமாற்றியது அமெரிக்காவில் அம்பலமான பிறகு உலகம் முழுக்கவே கம்பெனிகள் சின்ன டீசலைக் கைவிட ஆரம்பித்தன. இங்கேயும் புதுக் கார் பட்டியலை எடுத்துப் பாருங்கள், டீசல் ஹாட்ச்பேக் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று. ஐந்து வருடம் கழித்து ஒரு 1.5 டீசலுக்கு எவ்வளவு கேட்பார்கள் என்று நான் பந்தயம் கட்ட மாட்டேன்.

கிரீஸ்கை எழுதியது:

டர்பன் பீனிக்ஸில் பட்டறை வைத்திருக்கிறேன். பணக் கணக்கைப் பெரியவர் போட்டுவிட்டார். எஞ்சின் கணக்கை நான் சொல்கிறேன்.

முதலில் நான் கேட்க வேண்டியது வண்டி எவ்வளவு தூரம் ஓடுகிறது என்பதை அல்ல, ஒரு தடவை ஸ்டார்ட் செய்தால் எவ்வளவு நேரம் ஓடுகிறது என்பதை. 7 கி.மீ. என்றால் எஞ்சின் ஒழுங்காகச் சூடாவதற்குள் ஆபீஸ் வந்துவிடும். டீசல் எஞ்சின் பெட்ரோலைவிட மெதுவாகச் சூடாகும், ஏனென்றால் வெப்பத்தை அது குறைவாக வீணாக்குகிறது. ஆனால் குறுகிய ஓட்டத்தில் அந்தச் சிக்கனமே தொல்லையாகிவிடும்.

இப்போது வருகிற டீசல் வண்டிகள் பலவற்றில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். கரி சேரச் சேர வண்டி தானாகவே அதை எரித்துச் சுத்தம் செய்ய வேண்டும். அதற்கு வடிகட்டிக்குள் 600 டிகிரி அளவுக்குச் சூடு வர வேண்டும், வண்டியும் ஒரே வேகத்தில் கால் மணி நேரமாவது ஓட வேண்டும். ஆபீஸ் வாசலில் பாதியிலேயே எஞ்சினை அணைத்தால் அந்த வேலை நின்றுபோகும். மறுநாளும் அப்படியே. சூடேற்றுவதற்காகக் கூடுதலாகத் தெளிக்கிற டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி எஞ்சின் ஆயிலில் கலக்கும். டிப்ஸ்டிக்கை எடுத்துப் பார்த்தால் ஆயில் அளவு கூடியிருக்கும். “பரவாயில்லையே, என் வண்டி ஆயிலே குடிக்கவில்லை” என்று சந்தோஷமாக வருகிறவர்கள் உண்டு. கூடியிருப்பது டீசல் ஐயா, ஆயில் அல்ல. நீர்த்துப்போன ஆயிலோடு ஓட்டினால் டர்போவும் பேரிங்கும் சீக்கிரம் போகும்.

கடைசியில் மஞ்சள் விளக்கு எரியும், வண்டி வேகம் எடுக்காது. வடிகட்டியை மாற்றச் சொன்னால் விலையைக் கேட்டுவிட்டு முகம் மாறும். அதை வெட்டி எடுத்துவிடச் சொல்லிக் கேட்கிறவர்களும் வருகிறார்கள். நான் செய்வதில்லை.

நீங்கள் பார்த்த வண்டியில் டிபிஎஃப் உண்டா என்று கையேட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். தென்னாப்பிரிக்காவில் சட்டப்படி கட்டாயமாக இருப்பது இன்னும் யூரோ 2 என்ற பழைய புகைத் தரம்தான். அதனால் ஒரே மாடல் ஒரு நாட்டுக்கு வடிகட்டியோடு போகும், இன்னொரு நாட்டுக்கு இல்லாமல் போகும். இணையத்தில் இந்திய விமர்சனம் படித்துவிட்டு முடிவு கட்டாதீர்கள்.

புதுக்குடி எழுதியது:

நன்றி அண்ணா. விற்பவரிடம் போன் போட்டுக் கேட்டேன். “அது என்ன?” என்று என்னையே திருப்பிக் கேட்டார்.

ஹைவெல்ட்வாசி எழுதியது:

ரொம்ப வருடமாக ஜோஹன்னஸ்பர்க்கில் இருப்பவன், தொழில் இயந்திரப் பொறியியல். மேட்டில் திணறுமா என்ற கேள்வியை இதுவரை யாரும் தொடவில்லையே.

நாம் இருப்பது கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,700 மீட்டர் உயரத்தில். காற்றழுத்தம் டர்பனில் இருப்பதில் ஏறக்குறைய 83 சதவீதம்தான். டர்போ இல்லாத எஞ்சின் ஒவ்வொரு உறிஞ்சலிலும் அந்த அளவுக்குக் குறைவான காற்றைத்தான் எடுக்கும். காற்று குறைந்தால் எரிக்கிற பெட்ரோலும் குறையும், சக்தியும் குறையும். 100 மீட்டர் ஏறினால் ஒரு சதவீதம் போகும் என்பது மனக்கணக்குக்குப் போதும். உங்கள் வீட்டில் பருப்பு வேக ஊரைவிட நேரமாகிறது அல்லவா? அதே காற்றழுத்தச் சமாசாரம்தான். டர்போ என்பது எஞ்சினுக்கு வைத்த குக்கர். வெளியில் அழுத்தம் குறைந்தாலும் காற்றை உள்ளே தள்ளி ஈடுகட்டிவிடும். முழுசாக இல்லாவிட்டாலும் பெரும்பாலும்.

இப்போது உங்கள் இரண்டு வண்டிகள். பெட்ரோல் 2.0-க்கு டர்போ கிடையாது. கம்பெனிக் கணக்கில் சக்தி 117 கிலோவாட், முறுக்குவிசை 191 நியூட்டன் மீட்டர். மிட்ராண்டில் அது சுமார் 97 கிலோவாட், 159 நியூட்டன் மீட்டர். டீசல் 1.5-க்கு டர்போ உண்டு. 85 கிலோவாட், 250 நியூட்டன் மீட்டர், இங்கே கொஞ்சம்தான் குறையும்.

கவனியுங்கள். சக்தியில் பெட்ரோல் இங்கேயும் டீசலுக்கு மேலேதான் நிற்கிறது. முறுக்குவிசையில்தான் டீசல் தூக்கி அடிக்கிறது. அதாவது பெட்ரோல் வண்டியும் மேடு ஏறும். ஆனால் அந்தச் சக்தியை எடுக்க அதை 4,000, 5,000 சுற்றுக்கு முறுக்க வேண்டும். ஆட்டோமேட்டிக் இரண்டு கியர் கீழே இறங்கிக் கத்தும். டீசல் 2,000 சுற்றிலேயே அலட்டிக்கொள்ளாமல் இழுக்கும். ஏறுமா ஏறாதா என்பது கேள்வியே இல்லை, எவ்வளவு சத்தத்தோடு ஏறும் என்பதுதான்.

இன்னொன்று. ஊர்ப் பேச்சில் “ஜோபர்க்குக்கு டீசல்தான்” என்கிறார்களே, அது பழைய காலத்து முடிவு. அன்றைக்கு டர்போ என்றாலே டீசல் வண்டியில்தான் பார்க்க முடியும். உயரத்துக்கு மருந்து டர்போதான், டீசல் அல்ல. இன்றைக்கு டர்போ பெட்ரோல் வண்டிகள் நிறைய வந்துவிட்டன. மகேந்திரா எக்ஸ்யூவி700 இங்கே 2.0 டர்போ பெட்ரோலாகத்தான் விற்பனைக்கு வந்தது, ஏழு சீட்டும் உண்டு. செங்கல்பட்டுப் பக்கம் மகேந்திரா சிட்டியில் உருவாக்கிய வண்டி, உங்கள் பாசக் கணக்கிலும் சேரும். சீன வண்டிகளில் டிக்கோ 8 புரோவும் டர்போ பெட்ரோல்.

சாட்ஸ்வர்த்காரன் எழுதியது:

ஏறுவதை விடுங்கள் அண்ணே. இறங்குவதைப் பேசுங்கள். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் டவுன் ஹில் சரிவில் இறங்கும்போது டீசல் எஞ்சின் பிரேக் பிடிக்கிற மாதிரி பெட்ரோல் பிடிக்குமா? லாரிகள் எல்லாம் டீசல்தானே.

ஹைவெல்ட்வாசி எழுதியது:

பலர் அப்படித்தான் நம்புகிறார்கள். உண்மை தலைகீழ். காலை எடுத்தவுடன் பெட்ரோல் எஞ்சினில் காற்று போகும் வழியை ஒரு தகடு அடைத்துக்கொள்ளும். அடைத்த வாய் வழியாக எஞ்சின் காற்றை உறிஞ்சப் போராடும், அந்தப் போராட்டம்தான் வண்டியைப் பிடித்து இழுக்கிறது. டீசலில் அப்படி அடைத்து வேகத்தைக் கட்டுப்படுத்துவதில்லை, டீசல் தெளிப்பதைக் குறைப்பதோடு சரி. அழுத்தின காற்று திரும்ப விரிந்து பிஸ்டனைத் தள்ளிவிடும், அதனால் பிடிமானம் குறைவு. லாரிகளுக்குத் தனியாக எக்சாஸ்ட் பிரேக் வைப்பதே இந்தக் குறைக்காகத்தான்.

உங்கள் பக்கி நன்றாகப் பிடிப்பதற்குக் காரணம் நீங்கள் கியரைக் குறைத்து இறங்குவதாக இருக்கும். எந்த வண்டியானாலும் அதுதான் வழி. ஆட்டோமேட்டிக்கை டி-யிலேயே விட்டுவிட்டு பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்குகிறவர்களின் சக்கரத்தில் வருகிற வாசனையை டவுன் ஹில்லில் கண்ணாடியை இறக்கினால் தெரிந்துகொள்ளலாம்.

சாட்ஸ்வர்த்காரன் எழுதியது:

சரி, இதைக் கேட்டுக்கொண்டேன். ஆனாலும் பக்கியை விற்க மாட்டேன் 😄

புதுக்குடி எழுதியது:

பெட்ரோல் பக்கம் மனம் கொஞ்சம் சாய்கிறது. அப்படியானால் ஒரு சந்தேகம். இங்கே 93, 95 என்று இரண்டு இருக்கின்றன. டர்பனில் 95 மட்டும்தான் கண்ணில் படுகிறது. ஜோபர்க்கில் 93 போட்டுக்கொண்டு கீழே இறங்கினால் எஞ்சின் கெட்டுப்போகுமா? டீசலிலும் 50, 500 என்று எழுதியிருக்கிறதே, அது என்ன கணக்கு?

கிரீஸ்கை எழுதியது:

93, 95 என்பது தட்டல் (சிலிண்டருக்குள் பெட்ரோல் தானாகவே வெடித்து எரிவது) வராமல் தாக்குப்பிடிக்கும் அளவு. உயரத்தில் காற்று மெலிசு, சிலிண்டருக்குள் அழுத்தம் குறைவு, அதனால் டர்போ இல்லாத வண்டிக்கு அங்கே 93 போதும். 95 போட்டால் வண்டி பறக்கும் என்பது வெறும் நம்பிக்கை, காசு மட்டும்தான் பறக்கும். கடற்கரைக்கு வந்தால் 95 போடுங்கள். டாங்கில் பாதி 93 இருக்கிறதே என்று பயப்பட வேண்டாம். இப்போதைய வண்டிகளில் தட்டலைக் கேட்கிற சென்சார் இருக்கிறது, எஞ்சினே சரிசெய்துகொள்ளும். கணவாய்க்கு மேலே இருக்கிற ஹாரிஸ்மித்திலிருந்து அரை டாங்கோடு இறங்கி கீழே வந்து 95 நிரப்பினால் கதை முடிந்தது. டர்போ பெட்ரோல் வாங்கினால் மட்டும் மூடிக்குள் என்ன எழுதியிருக்கிறதோ அதையே போடுங்கள்.

டீசலில் 50, 500 என்பது கந்தக அளவு, பத்து லட்சத்தில் இத்தனை பங்கு என்று. டிபிஎஃப் உள்ள வண்டிக்கு 500 ஆகவே ஆகாது. 50 போட வேண்டும், 10 கிடைத்தால் இன்னும் நல்லது. 2027 ஜூலை முதல் நாடு முழுக்க 10-க்கு மாற வேண்டும் என்று சட்டம் இருக்கிறது. கிராமப்பக்கம் சில இடங்களில் 500 மட்டும்தான் கிடைக்கும், நீண்ட பயணத்தில் இதை நினைவில் வையுங்கள்.

இதைவிடப் பெரிய தலைவலி கலப்படம். மண்ணெண்ணெய்க்கு வரி இல்லை, டீசலுக்கு உண்டு. இரண்டையும் கலந்தால் லிட்டருக்கு நல்ல லாபம். 2024-இல் அரசுத் துறையே மாதிரி எடுத்துப் பரிசோதித்து, கலப்படம் கண்ட பங்க்குகளின் பட்டியலை வெளியிட்டது. டீசல் பம்புக்கு உயவு கொடுப்பதே அதற்குள் ஓடுகிற டீசல்தான். மண்ணெண்ணெயில் அந்த வழவழப்பு இல்லை. 2,000 பார் அழுத்தத்தில் வேலை செய்கிற பம்பு காய்ந்துபோய் உலோகத் தூள் உதிரும், தூள் இன்ஜெக்டருக்குள் போகும். அப்புறம் பம்பு, நான்கு இன்ஜெக்டர், குழாய், டாங்க் கழுவல் எல்லாம் ஒரே பில்லில் வரும். கம்பெனிக்காரர்கள் “எரிபொருள் கோளாறு, வாரண்டி கிடையாது” என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள்.

பழைய டீசல் எஞ்சின் எதைப் போட்டாலும் ஓடும். உங்கள் அப்பாவின் அம்பாசிடர் அந்த ரகம். அவர் அனுபவம் பொய் இல்லை, எஞ்சின்தான் மாறிவிட்டது.

யாழ்ப்பாணத்தான் எழுதியது:

பிரிட்டோரியாவில் இருந்து எழுதுறன். இன்னொரு விஷயத்தை ஒருத்தரும் சொல்லேல்லை. இங்கை நாங்களா அடிக்கிறேல்லை, பெற்றோல் ஷெட்டில் ஆள் வந்துதான் அடிச்சுவிடும். என்ரை டீசல் வாகனத்துக்கு ஒருக்கா பெற்றோலை விட்டுட்டினம். நான் போன் பாத்துக்கொண்டிருந்தனான். நல்ல காலம், காசு கட்டேக்கை ரசீதைப் பாத்தன், “95” எண்டு கிடந்தது. வாகனத்தை ஸ்டார்ட் பண்ணாமல் அப்பிடியே தள்ளி ஓரமா விட்டு, டாங்கை இறக்கிக் கழுவினதோடை தப்பிச்சுது. ஸ்டார்ட் பண்ணியிருந்தா பம்பு முழுக்கப் போயிருக்கும்.

டீசல் குழாயின்ரை வாய் பெரிசு, அது பெற்றோல் வாகனத்துக்குள்ளை லேசிலை போகாது. பெற்றோல் குழாய் மெல்லிசு, டீசல் டாங்குக்குள்ளை சுகமாப் போயிடும். அதாலை டீசல் வச்சிருக்கிற ஆக்கள்தான் இறங்கி நிண்டு பாக்க வேணும். வாயாலை “டீசல் 50” எண்டு சொல்லி, ஆள் குழாயை எடுக்கிறதையும் பாருங்கோ.

2022-இல் ஊரிலை சனம் பெற்றோலுக்கு நாள்கணக்கா வரிசையிலை நிண்டது. இங்கை தேவைக்கு மேலையே விட்டுத் தருகினம் 😅

மெர்பேங்க்அக்கா எழுதியது:

தம்பிமார் எல்லோரும் எஞ்சினுக்கு என்ன ஆகும் என்று பேசுகிறீர்கள். நெஞ்சுக்கு என்ன ஆகும் என்றும் கொஞ்சம் பேசுவோம்.

நான் வளர்ந்தது டர்பனின் மெர்பேங்க். ஒரு பக்கம் சாப்ரெஃப் சுத்திகரிப்பு ஆலை, இன்னொரு பக்கம் வென்ட்வொர்த்தில் எஞ்சென் ஆலை. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று மூக்கை வைத்தே சொல்வோம். எங்கள் தெருவில் இன்ஹேலர் இல்லாத வீட்டைத் தேட வேண்டும். 2020 டிசம்பரில் எஞ்செனில் தீப்பிடித்தது, பிறகு அதை எண்ணெய்க் கிடங்காக மாற்றிவிட்டார்கள். சாப்ரெஃப் 2022 மார்ச்சில் மூடியது. அடுத்த மாதமே ஏப்ரல் வெள்ளம் வந்து அதையும் முக்கியது. இன்றைக்கு டர்பனில் இறங்குகிற பெட்ரோல், டீசலில் பெரும்பகுதி வெளிநாட்டில் சுத்திகரித்துக் கப்பலில் வருவது.

டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012-இல் உறுதியாக வகைப்படுத்தியது. பள்ளிக்கூட வாசலில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கிற பெரிய டீசல் வண்டிகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல் வரும். குழந்தைகளின் மூக்கு அந்தப் புகைக்குழாய் உயரத்தில்தான் இருக்கிறது. வடிகட்டியை வெட்டி எடுத்துவிட்டு ஓட்டுகிறவர்களை என்ன சொல்வது! கிரீஸ்கை தம்பி செய்வதில்லை என்று சொன்னது பிடித்தது.

பெட்ரோல் சுத்தம் என்று சொல்ல வரவில்லை. டீசல் வண்டி குறைவாகக் குடிப்பதால் கரியமில வாயு கொஞ்சம் குறையும் என்பதும் உண்மை.

ஹைவெல்ட்வாசி எழுதியது:

அக்கா சொன்னதில் கடைசி வரிக்கு ஒரு சேர்க்கை. ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு, பெட்ரோல் என்றால் 2.3 கிலோ. டீசல் அடர்த்தியான எண்ணெய், ஒரு லிட்டருக்குள் ஆற்றலே 12 சதவீதம் போலக் கூடுதல். ஆகவே கணக்கப்பிள்ளை காட்டின லிட்டர் மிச்சத்தில் ஒரு பகுதி எஞ்சினின் திறமை, ஒரு பகுதி எண்ணெயின் கனம். காற்றுக்குப் போவது லிட்டர் கணக்கில் தெரிகிற அளவுக்குக் குறையாது.

கணக்கப்பிள்ளை எழுதியது:

லிட்டர் விலை பற்றி ஒரு வார்த்தை. நான் இரண்டுக்கும் 20 ராண்ட் என்று ஒரே விலை போட்டது வேண்டுமென்றேதான். இரண்டும் ஒன்றையொன்று தாண்டிக்கொண்டே இருக்கும், எதிர்காலத்தை வைத்துச் சூதாட முடியாது. 2022-இல் உக்ரைன் போர் ஆரம்பித்த பிறகு இங்கே டீசல் பெட்ரோலைத் தாண்டி ஏறியது நினைவிருக்கும். போதாக்குறைக்கு மின்வெட்டு நாட்களில் மின்சாரக் கம்பெனி எஸ்காம் தன் டர்பைன்களில் டீசலை எரித்துக்கொண்டிருந்தது.

பலருக்குத் தெரியாதது இன்னொன்று. பெட்ரோலின் சில்லறை விலையை அரசு கட்டுகிறது. ஒவ்வொரு மாதமும் முதல் புதன்கிழமை மாறும், ஒரே வட்டாரத்தில் எந்தப் பங்க்குக்குப் போனாலும் ஒரே விலை. டீசலுக்கு மொத்த விலையை மட்டும்தான் வெளியிடுகிறார்கள், சில்லறை விலை பங்க்காரர் விருப்பம். ஒரே தெருவில் இரண்டு பங்க்கில் இரண்டு விலை இருக்கும். டீசல்காரர்கள் விசாரித்துப் போட்டால் நல்ல மிச்சம். ஆனால் ரொம்ப மலிவாக இருந்தால் கிரீஸ்கை சொன்ன மண்ணெண்ணெயை நினைத்துக்கொள்ளுங்கள்.

வரியில் பெரிய வித்தியாசம் இல்லை. சாலை விபத்து நிதிக்கு இரண்டிலும் லிட்டருக்கு 2.18 ராண்ட் பிடித்தார்கள். பொது எரிபொருள் வரி 2025 ஜூனில் ஏறிய பிறகு பெட்ரோலுக்கு 4 ராண்டை ஒட்டி இருந்தது, டீசலுக்கு அதைவிடச் சில காசு குறைவாக இருந்தது. ஐரோப்பாவில் சில நாடுகள் டீசலுக்குப் பெரிய சலுகை கொடுத்ததால் அங்கே எல்லோரும் டீசல் வாங்கினார்கள். அந்த ஊர்க் கணக்கை இங்கே கொண்டுவந்து ஒட்ட முடியாது.

லெனேசியாவாசி எழுதியது:

எல்லோரும் எஞ்சினையே பார்க்கிறீர்கள். “பேசாமல் ஃபார்ச்சூனர் எடு” என்று யாராவது சொன்னால் முதலில் இன்சூரன்ஸ் விலையைக் கேளுங்கள். திருடர்களுக்கு ரொம்பப் பிடித்த வண்டி. டிராக்கர் வைத்தால்தான் பாலிசி என்பார்கள். மாதச் சந்தாவும் நாம்தான் கட்ட வேண்டும்.

நிர்வாகி எழுதியது:

எஸ்காம், மின்வெட்டு பற்றி வந்த சில பதில்களைத் தனி இழைக்கு மாற்றியிருக்கிறோம். இங்கே வண்டியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

புதுக்குடி எழுதியது:

சனிக்கிழமை இரண்டையும் ஓட்டிப் பார்த்தேன். வீட்டில் எல்லோரையும் ஏற்றிக்கொண்டு என்1-இல் ஒரு சுற்று.

டீசல் நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது ஒரு நொடி யோசித்தது, அப்புறம் நன்றாக இழுத்தது. மேட்டில் பேசிக்கொண்டே போகலாம். பெட்ரோல் ஊருக்குள் வழுக்கிக்கொண்டு போனது, ரோபோவில் (இங்கே சிக்னலுக்கு அதுதான் பெயர்) நின்றால் எஞ்சின் ஓடுவதே தெரியவில்லை. மேட்டில் காலை அழுத்தினால் ஹைவெல்ட்வாசி ஐயா சொன்ன கத்தல் வந்தது. ஆனால் 120-ஐ விடவில்லை. பின்சீட்டிலிருந்து மகள் “ஏன்ப்பா இந்த வண்டி கோபப்படுது?” என்றாள்.

டர்போ பெட்ரோல் வண்டிகளையும் பார்த்தேன். எக்ஸ்யூவி700 பிடித்தது, ஆனால் பட்ஜெட்டுக்கு மேலே போகிறது. அதன் உரிமையாளர் ஒருவரிடம் விசாரித்தபோது ஊருக்குள் நன்றாகக் குடிக்கும் என்றார்.

டீசல் வண்டியின் கையேடு கிடைத்தது. டிபிஎஃப் பற்றிய பக்கம் அதில் இருக்கிறது. இப்போது வைத்திருப்பவரும் என்னைப் போலவே பக்கத்திலேயே ஓட்டியவர்.

கிரீஸ்கை எழுதியது:

அப்படியானால் என் வாக்கு பெட்ரோலுக்கு. வருடத்தில் டர்பனிலிருந்து திரும்பி ஏறுகிற சில மணி நேரம் எஞ்சின் சத்தம் போடும். போகும்போது இறக்கம்தான், அதில் கவலையே இல்லை. அந்தச் சில மணி நேரத்துக்காக மீதி நாள் எல்லாம் கரி சேருகிறதா, ஆயில் கூடியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

பெட்ரோலை எடுக்கும்போது இதைப் பாருங்கள். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது போய் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். அவர்கள் ஏற்கெனவே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்துவிடுங்கள். சர்வீஸ் புத்தகத்தில் கிலோமீட்டர் மட்டும் போதாது, தேதியையும் பாருங்கள். குறைவாக ஓடுகிற வண்டிக்கு வருடக் கணக்கில் ஆயில் மாற்றியிருக்க வேண்டும். கியர்பாக்ஸ் டி-யிலிருந்து ஆர்-க்குப் போகும்போது இடிக்கக் கூடாது. ஆறு பேரும் பெட்டியும் என்றால் டயர் காற்றை முழுப் பாரத்துக்கான அளவுக்கு ஏற்றுங்கள், கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். திரும்பி ஏறும்போது ஏசியைக் கொஞ்ச நேரம் அணைத்தால் வித்தியாசம் தெரியும். ஸ்போர்ட் மோட் இருந்தால் மேட்டுக்கு முன்பே போட்டுவிடுங்கள், கியர் மாறி மாறித் தேடாது.

புதுக்குடி எழுதியது:

பெட்ரோலுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். “பெட்ரோலா? சரி, ஓட்டுகிறவன் நீ” என்றார். அவருக்கு முழுச் சம்மதம் இல்லை என்று குரலிலேயே தெரிகிறது. எல்லோருக்கும் நன்றி.

சாட்ஸ்வர்த்காரன் எழுதியது:

வாழ்த்துகள் அண்ணா. அந்த டீசல் இன்னும் விற்காமல் இருக்கிறதா? என் மச்சான் நியூகாசில் போய்வருகிற வேலைக்கு வண்டி தேடுகிறான், வாரம் முழுக்க நெடுஞ்சாலை. விளம்பரத்தை எனக்கு அனுப்புங்கள்.

கிரீஸ்கை எழுதியது:

வாங்குவதற்கு முன் டிபிஎஃப்பில் கரி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று கணினியில் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள் தம்பி. அதைச் சொல்லியே ஐந்தாயிரமாவது குறைக்கலாம்.